காற்றால் குளிரும் பழைய எஞ்சினுக்கு எது பொருந்தும்: கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?

காற்றால் குளிரும் பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பிஸ்டன், கேம்ஷாஃப்ட், வால்வு என எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகே, அதற்குப் பெட்ரோலை எதன் வழியாக ஊட்டுவது என்ற கேள்விக்கு வருகிறார்கள். அப்போதும் அது பழமையா புதுமையா என்ற விருப்பு வெறுப்பாகவே எழுகிறது. கார்புரேட்டர், எஞ்சின் இழுக்கும் காற்றோட்டத்தைக் கொண்டே பெட்ரோலை உறிஞ்சிக் கலக்கும் கருவி; இன்ஜெக்‌ஷன், பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் அமைப்பு. ஒரு சாரார் கார்புரேட்டரின் எளிமையையும் அது காற்றை உறிஞ்சும் ஓசையையும் புகழ்வார்கள்; மறுசாரார் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும் இன்ஜெக்‌ஷனை விட்டால் வேறு வழியில்லை என்பார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு, ஆனால் முடிவெடுக்க அது போதாது. இவ்வகை எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் சேரும் கலவை தவறினால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்கினால்தான் ஒப்பீடு பயன்படும்.

நீரால் குளிரும் எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி ஓடும் நீர், கலவையில் நேரும் சிறு பிழைகளை ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். வோக்ஸ்வாகன் பீட்டில், பழைய போர்ஷே 911 போன்றவற்றின் எஞ்சின்களில் அந்தத் தாங்கல் இல்லை. வெப்பத்தை விசிறிக் காற்றும் எண்ணெயும் பகிர்ந்து எடுத்துச் செல்கின்றன. எஞ்சியதில் ஒரு பங்கைச் சிலிண்டருக்குள் ஆவியாகும் பெட்ரோலே வாங்கிக்கொள்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிவதற்கான விகிதம் எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. முழு ஆக்சிலரேட்டரில் ஏறக்குறைய 12.5 முதல் 13 வரையிலான செறிவான, அதாவது பெட்ரோல் கூடிய, கலவையே அதிகத் திறனைத் தருகிறது, ஹெட்டையும் காப்பாற்றுகிறது. நீண்ட ஏற்றத்தில் கலவை 14-ஐத் தாண்டி மெலிந்தால் ஹெட்டின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், வெளியேற்ற வால்வும் பிஸ்டனும் அதன் விலையைக் கொடுக்கும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அமைப்பு சிறந்தது என்பதல்ல. இந்த எஞ்சின், இந்தப் பயன்பாட்டில், எந்த அமைப்பின் கீழ் சரியான கலவையைத் தொடர்ந்து பெறும் என்பதே.

அதற்கும் முன்னால் ஒரு விலக்கல் வேலை இருக்கிறது. கார்புரேட்டர் சரியில்லை என்று இன்ஜெக்‌ஷனுக்கு மாற நினைக்கும் பல கார்களில் குறை கார்புரேட்டரிலேயே இல்லை. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம், 34 பிக்ட்-3 சோலெக்ஸ் கார்புரேட்டருடன் 009 என்ற டிஸ்ட்ரிபியூட்டரை (சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் கருவியை) இணைப்பது. 009-இல் வெற்றிட அட்வான்ஸ், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டு தீப்பொறி நேரத்தை (டைமிங்கை) முன்னேற்றும் அமைப்பு, கிடையாது. சுழற்சி கூடினால்தான் அது டைமிங்கை முன்னேற்றும். அந்தக் கார்புரேட்டரோ, ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் டைமிங் முன்னேறும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டது. விளைவாக, நின்ற நிலையிலிருந்து எடுக்கும்போது எஞ்சின் ஒரு கணம் தயங்கும். பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்தத் தயக்கம் முழுமையாகப் போகாது. வெற்றிட அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினால் பெரும்பாலும் போய்விடும். 0.15 மி.மீ. இருக்க வேண்டிய வால்வு இடைவெளி, கலவையை ஹெட்டுகளுக்குக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டின் இணைப்புகளில் காற்றுக் கசிவு, அடைத்துப்போன சூடேற்றுக் குழாய் ஆகியவையும் இதே கணக்கில் சேரும். இவற்றைச் சரிபார்க்காமல் புதிய அமைப்பைப் பொருத்துகிறவர், பழைய குறையைப் புதிய கருவிக்குள் கொண்டுபோய் வைக்கிறார்.

பீட்டிலின் மூல அமைப்பு, நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டர். அங்கிருந்து இரு பக்கமும் நீண்ட குழாய்கள் வழியே கலவை ஹெட்டுகளுக்குப் போகிறது. இந்த நீளம்தான் அதன் பலவீனம். குளிர்ந்த குழாயின் சுவரில் பெட்ரோல் திரவமாகப் படியும். ஈரக் காற்றில் கார்புரேட்டருக்கு அடியில் பனிக்கட்டியே உறையும். இதைத் தடுக்கத்தான் வெளியேற்றப் புகையின் ஒரு பகுதியை மேனிஃபோல்டுக்குக் கீழே ஓடும் மெல்லிய குழாயில் செலுத்தினார்கள். அது கரியால் அடைத்துக்கொண்டால் காலையில் கார் முரண்டுபிடிக்கும், பழியோ கார்புரேட்டர் மேல் விழும். அடைப்பில்லாத நிலையில், 1584 சி.சி. மூல எஞ்சினுக்கு இந்த ஒற்றைக் கார்புரேட்டர் போதுமானது என்பதே என் கருத்து. அதன் ஆற்றல் சுமாரானதுதான். ஆனால் மூல நிலையில் இருக்கும்வரை அது ஹெட்டைச் சுடுவதில்லை. இப்போது பல இடங்களில் கிடைக்கும் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் ஏறக்குறைய 14.1 என்பதால், அதே ஜெட்டில் கலவை சுமார் நான்கு சதவீதம் மெலிந்துவிடுகிறது என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினால் அந்தக் குறை தீரும்.

எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டியோ, வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட் போட்டோ கட்டியிருந்தால் ஒற்றைக் கார்புரேட்டர் போதாது. அங்கே இரட்டைக் கார்புரேட்டர்கள் வருகின்றன. இவற்றில் இரண்டு இனம் உண்டு. பக்கத்துக்கு ஒரு வாய் கொண்ட எளிய கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டர்களுக்கு ஊட்டுபவை, முதல் இனம். வெபர் ஐடிஎஃப், டெல்லோர்ட்டோ டிஆர்எல்ஏ போல் பக்கத்துக்கு இரண்டு வாய் கொண்டவை, அதாவது சிலிண்டருக்கு ஒரு வாய் தருபவை, இரண்டாவது இனம். இரண்டாவது இனத்தில் கலவை பயணிக்க வேண்டிய தூரம் மிகக் குறைவு என்பதால், சிலிண்டர்களுக்கிடையே பங்கீடு சீராகிறது. ஆக்சிலரேட்டருக்கு எஞ்சின் கொடுக்கும் மறுமொழியும் உடனடியானது. அந்தச் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் பிறகு ஒற்றைக் கார்புரேட்டருக்குத் திரும்புவது அரிது.

ஆனால் அந்தச் சுகத்துக்குத் தொடர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. நான்கு வாய்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைக் காற்றோட்ட மானியை வைத்து ஒவ்வொன்றாக அளந்து சமன் செய்ய வேண்டும். கிடையாகப் படுத்த எஞ்சினுக்கே உரிய தொல்லை ஒன்று இங்கே சேர்கிறது: அலுமினிய, மெக்னீசிய உறுப்புகள் சூடாகும்போது விரிவதால், இரண்டு ஹெட்டுகளுக்கும் இடையிலுள்ள தூரமே கூடுகிறது. இரு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பி அந்த விரிவுக்கு ஈடுகொடுக்கும் வடிவில் இல்லாவிட்டால், குளிர்ந்த நிலையில் சமன் செய்தது சூடானதும் கலைந்துவிடும். எனவே சமன் செய்யும் வேலையை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே செய்ய வேண்டும். அந்த இணைப்புக் கம்பிக்குச் செலவழிக்கும் பணத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டிலின் தண்டு தேய்ந்த பழைய கார்புரேட்டர்களை மலிவாக வாங்கினால், தண்டைச் சுற்றிக் கசியும் காற்றால் ஐடிலிங் ஒருநாளும் நிலைக்காது.

ஜெட் தேர்விலும் பரவலான ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 28 மி.மீ. வென்ச்சுரி (காற்று வேகமெடுக்கும் குறுகிய கழுத்து) உள்ள வெபர் 40 ஐடிஎஃப்-க்கு 1.15 முதல் 1.25 மி.மீ. வரையிலான மெயின் ஜெட்டில் தொடங்கலாம் என்பது பொதுவான வழக்கம். ஆனால் நெடுஞ்சாலையில் மிதமான வேகத்தில், ஏறக்குறைய நிமிடத்துக்கு 2500 முதல் 3000 சுழற்சி வரை, இந்தக் கார்புரேட்டர் பெரும்பாலும் ஐடில் ஜெட்டையும் அதையடுத்த சிறு துளைகளையும் நம்பியே ஓடுகிறது. சாதாரண வேகத்தில் எஞ்சின் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், சம்பந்தமில்லாத உறுப்பை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த ஐடில் ஜெட்டில் ஒரு தூசு அடைத்தாலே ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகும். நல்ல ஃபில்டர் போட்டாலும், நீண்ட நாள் நிறுத்திய காரில் மிதவை அறையிலுள்ள பெட்ரோல் வற்றிப் பிசினாகப் படிவதைத் தவிர்ப்பது கடினம்.

உயரத்தின் விளைவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் குறையும். கார்புரேட்டரின் கலவை ஏறக்குறைய ஐந்து சதவீதம் செறிவாகும். கடல் மட்டத்தில் சரிசெய்த கார் மலையில் சற்று மந்தமாக ஓடும், பிளக் கருக்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஆனால் எஞ்சினுக்குப் பெரிய கேடில்லை. ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. மலையில் ஜெட்டைச் சிறிதாக்கிச் சரிசெய்த காரை அப்படியே சமவெளிக்கு ஓட்டி வந்து முழு வேகத்தில் போனால், மெலிந்த கலவையும் முழுச் சுமையும் ஒன்றாகச் சேரும். உயர வேறுபாடு மிகுந்த சாலைகளில் அடிக்கடி ஓடும் காருக்கு இன்ஜெக்‌ஷனைப் பரிந்துரைக்க இது ஒன்றே தக்க காரணம்.

இன்ஜெக்‌ஷன் இவ்வகைக் கார்களுக்கு அந்நியமானது என்ற எண்ணம் வரலாற்றோடு ஒட்டாது. 1967-இல் வோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த போஷ் டி-ஜெட்ரானிக், பெரும் எண்ணிக்கையில் தயாரான முதல் மின்னணு இன்ஜெக்‌ஷன். அது இருந்ததே ஒரு காற்றுக் குளிரூட்டு எஞ்சினின் மேல்தான். போர்ஷே 911-இன் ஈ, எஸ் வகைகளுக்கு 1969 மாடலிலிருந்து இயந்திர இன்ஜெக்‌ஷன் வந்தது. 1973-இல் போஷின் இன்னொரு அமைப்பான கே-ஜெட்ரானிக் நுழைந்து, 1984-இல் கணினியால் இயங்கும் மோட்ரானிக்குக்கு இடம் கொடுத்தது. 2003-இல் மெக்சிகோவில் தயாரிப்பு நின்ற கடைசி பீட்டில்களும் இன்ஜெக்‌ஷனோடுதான் வெளிவந்தன. வோக்ஸ்வாகன் 1600, இரட்டைக் கார்புரேட்டரிலும் சரி, டி-ஜெட்ரானிக்கிலும் சரி, ஒரே 54 குதிரைத்திறன்தான் தந்தது. இன்ஜெக்‌ஷன் போட்டால் திறன் தானாகக் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சரியாக ட்யூன் செய்த இரட்டை வெபரை முழு ஆக்சிலரேட்டரில் வெல்வது எளிதல்ல. இன்ஜெக்‌ஷன் வெல்வது அதற்குக் கீழேயுள்ள எல்லா நிலைகளிலும்.

தொழிற்சாலையிலிருந்தே இன்ஜெக்‌ஷனுடன் வந்த காரை வைத்திருப்பவர்களுக்கு என் ஆலோசனை சுருக்கமானது: எஞ்சின் மூல நிலையில் இருந்தால் கழற்றாதீர்கள், பழுதுபாருங்கள். டி-ஜெட்ரானிக் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் கணக்கிடுகிறது. அதன் அழுத்த உணரியின் உள்ளே உள்ள சவ்வில் விரிசல் கண்டால் கலவை கெடும். அதன் பின் வந்த எல்-ஜெட்ரானிக் உள்ளே வரும் காற்றை ஒரு மடலால் அளக்கிறது. அளக்காத காற்று எண்ணெய் ஊற்றும் மூடி வழியே கசிந்தால்கூட எஞ்சின் தடுமாறும். கே-ஜெட்ரானிக்கில் குளிர்ந்த எஞ்சின் பின்னடித்தால் பிளாஸ்டிக் காற்றுப்பெட்டி வெடித்துப் பிளக்கும். அதற்கென்றே ஒரு பாதுகாப்பு வால்வைப் பலர் பொருத்துகிறார்கள். இவை எல்லாமே அறியப்பட்ட, கண்டுபிடிக்கக்கூடிய குறைகள். பெரும்பாலும் உணரியையும் கணினியையும்விட, காய்ந்துபோன ரப்பரும் துருப்பிடித்த மின் இணைப்புகளும்தான் குற்றவாளிகள். இதைப் பொறுமையாகத் தேடாமல், கழற்றி வீசிவிட்டு மலிவான கார்புரேட்டரை மாட்டி, மூலத்தைவிட மோசமாக ஓட்டிக்கொண்டிருக்கும் கார்கள் ஏராளம். அதேசமயம், இந்தப் பழைய அமைப்புகள் அந்தந்த எஞ்சினுக்காகவே அளவிடப்பட்டவை. கேம்ஷாஃப்ட்டையோ கொள்ளளவையோ கணிசமாக மாற்றினால் அவற்றால் ஈடுகட்ட முடியாது. கே-ஜெட்ரானிக்கின் காற்றுத் தட்டு, நீண்ட கேம் எழுப்பும் அதிர்வலைகளில் படபடக்கத் தொடங்கிவிடும்.

மாற்றிக் கட்டிய எஞ்சினுக்கு இன்ஜெக்‌ஷன் வேண்டுமென்றால், இன்று அது நிரல் எழுதக்கூடிய கணினியோடுதான் வரும். நாமே அமைத்துக்கொள்ளும் மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற கணினிகள் முதல் ஆயத்தத் தொகுப்புகள் வரை தேர்வு பரந்திருக்கிறது. இதன் பெரிய நன்மை, ஒவ்வொரு சுழற்சி வேகத்துக்கும் சுமைக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் அளவைச் சொல்ல முடிவது. மிதமான ஓட்டத்தில் சிக்கனமாகவும் ஏற்றத்தில் செறிவாகவும் வைக்கலாம். ஹெட்டின் வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டினால் தானாகவே பெட்ரோலைக் கூட்டச் சொல்லலாம். பழைய பீட்டில்களில் விசிறிக் காற்றின் பாதையில் எண்ணெய்க் குளிர்விப்பான் நின்றதால் மூன்றாம் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். சிலிண்டருக்குச் சிலிண்டர் தனியே பீய்ச்சும் கணினியில் அந்த ஒன்றுக்கு மட்டும் சற்று அதிகம் கொடுக்க முடியும். இதைக் கார்புரேட்டரில் செய்வது பெரும்பாடு.

ஆனால் இந்தக் கணினிகள் பெரும்பாலும் நீரால் குளிரும் எஞ்சினை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை என்பதைத் தொகுப்பை விற்பவர் சொல்ல மாட்டார். நீரின் வெப்பம் மெல்ல ஏறி ஏறக்குறைய 90 டிகிரியில் நிலைத்து நிற்கும். ஹெட்டில் பொருத்திய உணரியோ சில நிமிடங்களில் 100 டிகிரியைக் கடந்து, ஓட்டத்துக்கேற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சினை அணைத்ததும் விசிறி நின்றுவிடுவதால் இன்னும் சற்று ஏறும். பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி கிளப்பும்போது, எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கிறது என்று கணினி பெட்ரோலைக் குறைக்கும். அதே நேரத்தில் சூட்டில் வெந்த எரிபொருள் குழாயில் ஆவி நிறைந்திருக்கும். சூடான எஞ்சின் கிளம்ப மறுக்கும் பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இதுதான். இவ்வகை எஞ்சினுக்கு ஏற்றபடி வெப்பத் திருத்த அட்டவணையைப் புதிதாக எழுதியாக வேண்டும். அது தெரிந்தவர் அருகில் இல்லையென்றால், நீங்களே கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் அழுத்த அளவீடு. சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் வைத்தால் கார்புரேட்டர் போலவே அழகாக இருக்கும், மறுமொழியும் கூர்மையாக இருக்கும். ஆனால் சிறிது திறந்ததுமே வெற்றிடம் காணாமல் போவதால், சுமையை அழுத்தத்தால் அளக்க முடிவதில்லை. அப்போது த்ராட்டிலின் கோணத்தையும் சுழற்சியையும் வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கும். அதோடு காற்றழுத்தத்துக்குத் தனி உணரி வைக்காவிட்டால், உயரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் நன்மையே போய்விடும். நடுவில் ஒரு த்ராட்டிலும் பொது அறையும் வைத்து, ஹெட்டருகே பீய்ச்சும் அமைப்பு பார்வைக்குச் சாதாரணம்தான். தினசரி ஓட்டத்துக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். பழைய மேனிஃபோல்டின் மேல் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பீய்ச்சும் த்ராட்டிலை மட்டும் உட்கார வைக்கும் தொகுப்புகள், நீண்ட குழாயின் பழைய குறைகளை அப்படியே வைத்திருக்கின்றன. செலவுக்கு ஏற்ற பலன் அவற்றில் இல்லை.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய 12 வோல்ட் பீட்டிலின் டைனமோ 30 ஆம்பியர் தரும், அதுவும் சுழற்சி கூடினால்தான். பம்ப் மட்டுமே ஏறக்குறைய 5 ஆம்பியர் எடுக்கும். அதற்கு மேல் பீய்ச்சிகள் (இன்ஜெக்டர்கள்), இக்னிஷன், ஆக்சிஜன் உணரியின் சூடேற்றி. இரவில் விளக்கும் எரிந்து, நெரிசலில் ஐடிலிங்கில் நின்றால் மின்னழுத்தம் சரியும். மின்னழுத்தம் சரிந்தால் பீய்ச்சி திறக்கும் நேரமும் மாறும். ஆல்டர்னேட்டர் போடாமல் இதில் இறங்க வேண்டாம். 6 வோல்ட் கார் என்றால் முழு மின்னமைப்பையும் மாற்றியாக வேண்டும் என்பதால், அதற்குக் கார்புரேட்டரே போதும் என்று சொல்வேன்.

ஆக்சிஜன் உணரியைச் சொன்னதும் நினைவுக்கு வருவது: அகலப்பட்டை உணரி இன்ஜெக்‌ஷனுக்கு மட்டுமான பொருள் என்று நினைக்க வேண்டியதில்லை. கார்புரேட்டர் காரின் வெளியேற்றக் குழாயிலும் அதைப் பொருத்தி, கலவை எந்த வேகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகப் பார்த்தபடி ஓட்டினால், பிளக்கின் நிறத்தைப் பார்த்து வாரக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருந்த வேலை ஒரே பிற்பகலில் முடியும். ஹெட் வெப்பமானியும் அதோடு சேர்ந்தால், கார்புரேட்டரில் இருப்பவருக்கு இன்ஜெக்‌ஷனுக்கு மாறும் தேவையே பல சமயம் மறைந்துவிடுகிறது. இந்த இரண்டையும் முதலில் வாங்கி, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே செலவு குறைந்த வழி. வாங்கியதும் வீணாகாது, எந்தப் பக்கம் போனாலும் அவை தேவைப்படும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், மூல எஞ்சினுடன் விடுமுறை நாட்களில் ஓடும் காருக்கு அதன் சொந்த ஒற்றைக் கார்புரேட்டரையும் சரியான டிஸ்ட்ரிபியூட்டரையும் விட்டு நகரக் காரணமில்லை. நீண்ட கேம் போட்டு, ஓட்டும் இன்பத்துக்காகவே கட்டிய, ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓடும் எஞ்சினுக்கு இரட்டை வெபரோ டெல்லோர்ட்டோவோ பொருந்தும். உரிமையாளர் கையில் எண்ணெய்க் கறை படுவதை வெறுக்காதவராக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கொள்ளளவு கூட்டிய எஞ்சின், பாரம் ஏற்றிய வேன், மலையும் சமவெளியுமாகத் தினமும் ஓடும் கார் ஆகியவற்றுக்கு நிரல் எழுதும் இன்ஜெக்‌ஷன் தன் செலவை நியாயப்படுத்தும். அதைப் பொருத்தும் நேரத்தைவிட ட்யூன் செய்ய அதிக நேரம் போகும் என்பதை ஏற்றுக்கொண்டால் மட்டுமே அதில் இறங்கலாம். அரைகுறையாக ட்யூன் செய்த கணினி, அரைகுறையாகத் தேர்ந்த ஜெட்டைவிட அபாயமானது. அது தவறான கலவையையும் மிகத் துல்லியமாகவே கொடுத்துக்கொண்டிருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் பெட்ரோல் ஓஸ்களை முழுமையாக மாற்றுவது வேலையின் ஒரு பகுதி. இவ்வகைக் கார்களில் எஞ்சின் அறைத் தீ அரிய நிகழ்வல்ல. மெக்னீசிய உறையில் தீப்பிடித்தால் அணைப்பதும் கடினம். கார்புரேட்டர் சுமார் 0.2 பார் அழுத்தத்தில் இயங்குகிறது, ஆனால் அதன் பெட்ரோல் நுழைவாயிலாக அழுத்திச் செருகிய பித்தளைக் குழல் சோலெக்ஸ் வகைகளில் தளர்ந்து கழன்றுவிடும். அதைச் சோதித்து, மறை வெட்டிப் பொருத்துவது நல்லது. இன்ஜெக்‌ஷனில் அழுத்தம் வழக்கமாக 3 பார், அதாவது ஏறக்குறைய பதினைந்து மடங்கு. அதற்கென்று தயாரான ஓஸும் கவ்விகளும் வேண்டும், தொட்டிக்குத் திரும்பும் குழாய் வேண்டும். தொட்டியில் தடுப்புச் சுவர் இல்லாததால் வளைவுகளில் பம்ப் காற்றை இழுக்காதிருக்கச் சிறு இடைத்தொட்டியும் வேண்டும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். எல்-ஜெட்ரானிக்கில் காற்று மடல் மூடியதும் பம்பின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. டி-ஜெட்ரானிக்கில் டிஸ்ட்ரிபியூட்டரின் துடிப்பு நின்றால் கணினியே அதை நிறுத்தியது. கையால் பொருத்தும் தொகுப்பிலும் பம்ப் ரிலேயைக் கணினியின் கட்டுப்பாட்டில் விட்டு, மோதலில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றையும் அதே கம்பியில் சேர்க்க வேண்டும். சாவியோடு நேரடியாக இணைத்த பம்புடன் எந்தக் காரையும் சாலைக்கு எடுக்கக்கூடாது.